கொழிஞ்சாம்பாறை கடலைக்காட்டில் கொழுந்து மஞ்சள்: சுண்ணாம்பு போடலாமா?

கிழக்குக்காடு கேட்டது:

வணக்கம் அண்ணன்மார்களே. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எருத்தேம்பதிப் பக்கம் மாமனார் பூமியில் இரண்டரை ஏக்கர் நிலக்கடலை போட்டிருக்கிறேன். முப்பது நாள் பயிர். மேட்டுப் பக்கம் செம்மண், பள்ளத்துப் பக்கம் கருமண். மேட்டில் இருக்கிற செடி நல்ல பச்சையாக நிற்கிறது. பள்ளத்தில்தான் பிரச்சினை. கொழுந்து இலை மட்டும் வெளிறி மஞ்சளாகிவிட்டது, அடி இலை பச்சையாகவே இருக்கிறது. வாய்க்கால் ஓரமாகச் சில செடிகளில் கொழுந்து கிட்டத்தட்ட வெள்ளையாகவே போய்விட்டது.

அடியுரம் டி.ஏ.பி. மஞ்சளைப் பார்த்ததும் கொஞ்சம் யூரியா தூவினேன், பலன் இல்லை. போர் தண்ணீர், வாய்க்கால் பாய்ச்சல்.

மலையாளக் கையேட்டில் கடலைக்கு ஹெக்டேருக்கு 1 முதல் 1.5 டன் சுண்ணாம்பு, பூக்கிற சமயத்தில் போடச் சொல்லியிருக்கிறது. உரக்கடையிலும் கேரளா மண் எல்லாம் புளிப்பு மண், சுண்ணாம்பு விழுந்தால் சரியாகிவிடும் என்றார்கள். மூட்டை வந்து இறங்கியாயிற்று. ஆனால் பொள்ளாச்சியில் நிலம் வைத்திருக்கிற பக்கத்துக் காட்டு அண்ணன், சுண்ணாம்பு வேண்டாம், ஜிப்சம் போடு என்கிறார். பூ எடுக்க ஆரம்பித்துவிட்டது. எதைப் போடுவது?

மண்வெட்டி எழுதியது:

தம்பி, மூட்டையைப் பிரிக்க வேண்டாம். முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்க. மஞ்சளான கொழுந்தில் நரம்பும் மஞ்சளா, இல்லை நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறதா? கருமண் பக்கம் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகக் கட்டி வருகிறதா? கோடையில் அந்தப் பள்ளம் வெடிக்குமா?

மாந்தோப்பு, முதலமடை எழுதியது:

எனக்கென்னவோ இது கந்தகக் குறை என்றுதான் படுகிறது. டி.ஏ.பி.யில் கந்தகம் கிடையாது. கொழுந்து மஞ்சளுக்கு அதுவும் ஒரு காரணம். பழைய ஆட்கள் சூப்பர் பாஸ்பேட் போட்டார்கள், அதிலேயே கந்தகமும் வந்துவிடும்.

கிழக்குக்காடு எழுதியது:

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நரம்பு நல்ல பச்சை, நரம்புக்கு நடுவில்தான் மஞ்சள். தோண்டினால் முழங்கால் ஆழத்தில் சுக்காங்கல் வருகிறது. மேலேயே சிறு சிறு துண்டாகக் கிடக்கிறது. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், கன்றுக்குட்டியை அந்தப் பக்கம் விட மாட்டார்கள்.

ஏலக்காட்டான் எழுதியது:

நான் நெடுங்கண்டம். சுண்ணாம்பு போட்டால் என்ன கெட்டுப்போகும் என்று புரியவில்லை. இங்கே மண் பரிசோதனை எடுத்தால் அமிலக் கார எண் (pH, 7க்குக் கீழே போனால் புளிப்பு) 5 அல்லது அதற்கும் கீழேதான் வரும். சுண்ணாம்பு போடாமல் உரம் போடுவது காசைக் கரைத்து ஊற்றுவதுதான். கேரளா முழுக்க இதே கதைதானே?

மண்வெட்டி எழுதியது:

ஏலக்காட்டான் அண்ணா, உங்கள் மண்ணுக்கு நீங்கள் செய்வது சரி. ஆனால் தம்பியின் பள்ளக்காடு அந்தக் கணக்கில் சேராது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

கேரளாவில் பெரும்பகுதி வெட்டுக்கல் மண். ஆண்டு மழை சராசரியாக 3000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. அந்த மழை சுண்ணாம்புச்சத்து, மக்னீசியம், பொட்டாஷ் எல்லாவற்றையும் கரைத்துக் கீழே இறக்கிவிடுகிறது. மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும். அதனால்தான் சிவப்பு, அதனால்தான் புளிப்பு. குட்டநாட்டில் இன்னும் மோசம்: கரிநிலத்தில் கந்தக அமிலமே ஊறி, காய்ந்த காலத்தில் அமிலக் கார எண் 4க்குக் கீழே போகும். ஓணாட்டுக்கரை மணல், திருச்சூர் கோள் நிலம் என்று வகை பல இருந்தாலும் முக்கால்வாசி இடத்தில் புளிப்புதான். மாநிலக் கையேட்டில் சுண்ணாம்பு முதல் வரியில் வருவதற்குக் காரணம் இதுதான்.

நம் சித்தூர் தாலுகா கிழக்குப் பக்கம் தனி. பாலக்காட்டுக் கணவாயில் காற்று மலையில் மோதி ஏறுவதில்லை, நேராக அடித்துக்கொண்டு கோயம்புத்தூர் பக்கம் போய்விடுகிறது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதியில் பெய்கிற மழை மாநிலச் சராசரியில் பாதிகூடத் தேறாது. கரைத்து இறக்க மழை இல்லை. போதாததற்கு அடிப்பாறையிலேயே சுண்ணாம்புச்சத்து அதிகம். ஆகவே சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிச் சுக்காங்கல்லாகக் கட்டிவிட்டது. கேரளாவில் கருமண் என்று சொல்லத்தக்க பரப்பு இருப்பது முக்கியமாக இந்தத் தாலுகாவில்தான். பொள்ளாச்சி, கிணத்துக்கடவு மண்ணின் தொடர்ச்சி இது. எல்லைக்கல் வந்து மண்ணைப் பிரிக்கவில்லை.

ஒரே காட்டில் மேடு சிவப்பாகவும் பள்ளம் கருப்பாகவும் இருப்பதும் இதே காரணம்தான். மேட்டில் தண்ணீர் வடிந்துவிடும், இரும்பு துருப்பிடித்துச் சிவப்பாகிறது. வடிகிற தண்ணீர் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் சிலிக்காவையும் பள்ளத்தில் சேர்க்கிறது. அங்கே உப்பி உப்பிச் சுருங்குகிற களி உண்டாகிறது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். உங்கள் கன்றுக்குட்டி விஷயம் அதுதான்.

இப்போது செடிக்கு வருவோம். நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள், அதுவும் கொழுந்தில் மட்டும் என்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. ஆனால் அமிலக் கார எண் 8ஐத் தாண்டிய சுண்ணாம்பு மண்ணில் வேர் எடுக்கிற வடிவத்தில் அது இருக்காது. இரும்பு செடிக்குள் ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்கு எளிதில் நகராது, அதனால் புது இலைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். முதலமடை அண்ணன் சொன்ன கந்தகக் குறையாக இருந்தால் நரம்பும் சேர்ந்து ஒரே சீராக வெளிறும். யூரியாவுக்கு அசையாததும் சரியாகவே பொருந்துகிறது: தழைச்சத்துக் குறையென்றால் அடி இலை முதலில் மஞ்சளாகியிருக்கும்.

இந்த மண்ணில் மேலும் ஒரு டன் சுண்ணாம்பு போட்டால் நோயையே உரமாகப் போடுவதுதான்.

ஏலக்காட்டான் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கமும் மறையூர் போனால் மழை குறைந்து மண்ணே வேறாகிவிடுகிறது. அங்கே இருக்கிற உறவுக்காரர்கள் என் சுண்ணாம்பு யோசனையைக் கேட்டதே இல்லை. காரணம் இப்போது தெரிகிறது.

நெம்மாறை வயல் எழுதியது:

கிழக்குக்காடு அண்ணா, அந்தச் சுண்ணாம்பு மூட்டையைத் திருப்பி எடுக்கவில்லை என்றால் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வயலுக்கு ஹெக்டேருக்கு 600 கிலோ, இரண்டு தவணையாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். விலை பேசிக்கலாம்.

கிழக்குக்காடு எழுதியது:

தாராளமாக. வண்டி மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்க.

மண்வெட்டி அண்ணா, கருமண் என்றாலே வளமான மண், உரமே வேண்டாம் என்று மாமனார் சொல்வார். அதில் போய் இரும்புக் குறை என்றால் அவர் நம்ப மாட்டார். உறுதிப்படுத்த ஏதாவது வழி உண்டா?

பேரூர் மண்ணியல் மாணவன் எழுதியது:

எளிதான சோதனை இரண்டு இருக்கிறது.

முதலாவது மண்ணுக்கு. பள்ளத்து மண் ஒரு கட்டி, மேட்டு மண் ஒரு கட்டி தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விடுங்கள். சுண்ணாம்பு இருந்தால் புஸ்ஸென்று நுரைக்கும். அமிலத்துக்குப் போக வேண்டாம் என்றால் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரை மெதுவாக வரும், காதைக் கிட்ட வைத்தால் சத்தம் கேட்கும்.

இரண்டாவது செடிக்கு. அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, மஞ்சளான கொழுந்து இலைகளில் பாதிப் பக்கம் மட்டும் பஞ்சால் தடவி, செடியில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். தடவின பக்கம் ஒரு வாரத்துக்குள் பச்சை திரும்பினால் இரும்புதான், சந்தேகமே இல்லை. மாமனாரையே தடவச் சொல்லுங்கள்.

கருமண்ணைப் பற்றி அவர் சொல்வதில் பாதி உண்மை. ஈரம் பிடிக்கும், சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறைய. ஆனால் அங்ககச்சத்து குறைவு. இரும்பு, துத்தநாகம் இரண்டும் பூட்டிக் கிடக்கும். பருத்திக்கும் சோளத்துக்கும் பேர்போன மண்தான். கடலை மட்டும் இரும்பு விஷயத்தில் சீக்கிரம் அழுதுவிடும்.

வேலந்தாவளம் காய்கறி எழுதியது:

எங்கள் தோட்டத்திலும் அதே பள்ளம். தண்ணீரை ஒரு தடவை தள்ளிப் போட்டுப் பாருங்க. அதுவே பாதி தெளியும்.

கிழக்குக்காடு எழுதியது:

வினிகர் விட்டேன். மேட்டு மண் அசையவில்லை. பள்ளத்து மண் நுரைத்துத் தள்ளியது. மாமனார் இரண்டாம் தடவை அவரே ஊற்றிப் பார்த்தார்.

இலையில் தடவியதும் பலித்துவிட்டது. தடவின பாதி பச்சை, மற்ற பாதி அப்படியே மஞ்சள். படம் எடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். இனி மொத்தக் காட்டுக்கும் என்ன அளவு? அன்னபேதியை மண்ணிலேயே தூவிவிடலாமா? தெளிக்க ஆள் கிடைப்பது பெரும்பாடு.

மண்வெட்டி எழுதியது:

மண்ணில் வெறுமனே தூவினால் காசு போச்சு. சுண்ணாம்பில் பட்ட உடனே அதுவும் பூட்டிக்கொள்ளும். இந்தப் பயிருக்கு இலையில் தெளிப்பதுதான் வழி.

10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம் அன்னபேதி, கூடவே 10 கிராம் லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்). ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் அன்னபேதி 2 கிலோ, லெமன் சால்ட் 200 கிராம். உங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருக்கும், ஆகவே முதலில் லெமன் சால்ட்டைக் கரைத்துவிட்டு அப்புறம் அன்னபேதியைப் போடுங்க. இல்லாவிட்டால் டேங்கிலேயே துரு நிறமாகிவிடும், தெளித்தும் பயன் இல்லை. கரைத்ததை அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும். கடையில் வாங்கும்போது பச்சை நிறப் படிகமாகப் பார்த்து வாங்குங்க. பழுப்பாகப் பொடிந்து கிடந்தால் வேண்டாம். சாயங்காலம் வெயில் தாழ அடியுங்க, பூச்சி மருந்தோடு கலக்க வேண்டாம். 30, 40, 50ஆம் நாள் என்று மூன்று தெளிப்பு சொல்வார்கள். நீங்கள் கொஞ்சம் பிந்திவிட்டாலும் பத்து நாள் இடைவெளியைக் காப்பாற்றினால் போதும். பள்ளத்துக்கு மட்டும்தான், மேட்டுக்குத் தேவையில்லை.

வேலந்தாவளம் அண்ணன் சொன்ன தண்ணீர் விஷயம் முக்கியம். களிமண்ணில் தண்ணீர் நின்றால் காற்று போகாது. வேர் விடுகிற கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து பைகார்பனேட் ஆகிறது. இருக்கிற கொஞ்சம் இரும்பையும் செடி எடுக்க விடாமல் செய்வது அதுதான். வாய்க்கால் ஓரச் செடி ஏன் வெள்ளையாகிறது என்று இப்போது தெரியும். மேலே வெடிப்பு விழத் தொடங்கும் முன் பாய்ச்சினால் போதும், ஈரம் இருக்கும்போதே பாய்ச்ச வேண்டாம்.

அடுத்த போகத்துக்கு அன்னபேதியை நன்றாக மக்கின சாணி எருவோடு கலந்து மூட்டம் போட்டு வைத்துப் போட்டால் ஓரளவு நிற்கும். டி.ஏ.பி.யைக் குறையுங்க, மணிச்சத்து கூடினாலும் இரும்பு கிடைக்காது. மேலுரத்துக்கு யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் நல்லது. கந்தகமும் வரும், வேர்ப்பக்கம் கொஞ்சம் புளிப்பும் வரும். முதலமடை அண்ணனுக்கும் திருப்தி.

மாந்தோப்பு, முதலமடை எழுதியது:

திருப்திதான்! ஜிப்சம் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

பேரூர் மண்ணியல் மாணவன் எழுதியது:

சுண்ணாம்புக்கும் ஜிப்சத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஜிப்சம் மண்ணின் கார நிலையை ஏற்றாது, விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகிற காம்பு) இறங்குகிற இடத்தில் சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் கொடுக்கும். காய் பொக்காகாமல் இருக்க அது வேண்டும். தமிழ்நாட்டுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ. செடியோரம் போட்டுக் கொத்தி மண் அணைக்க வேண்டும். ஆனால் அதே பரிந்துரையில், சுண்ணாம்பு மண்ணில் ஜிப்சத்தைத் தவிர்க்கவும் என்றும் இருக்கிறது. ஆகவே மேட்டுச் செம்மண்ணுக்கு மட்டும் போடுங்கள். பக்கத்துக் காட்டு அண்ணன் சொன்னது உங்கள் காட்டில் பாதிக்குச் சரி.

பூ எடுத்துவிட்டதென்றால் கொத்து இந்த ஒன்றோடு முடிந்துவிட வேண்டும். விழுது இறங்கின பிறகு மண்ணைக் கிளறாதீர்கள்.

கிழக்குக்காடு எழுதியது:

நன்றி அண்ணன்மார்களே. முதல் தெளிப்பு முடிந்தது. மண் பரிசோதனைக்கும் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு பை கொடுத்தால் போதுமா?

மண்வெட்டி எழுதியது:

போதாது. மேட்டையும் பள்ளத்தையும் கலந்தால் வருகிற சராசரி இரண்டுக்கும் ஆகாது. தனித்தனியாக இரண்டு பை. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்து, கலந்து கால்பாகமாகப் பிரித்து அரை கிலோவுக்குக் கொண்டுவாருங்க. வரப்போரம், எருக்குழி, தென்னை மரத்தடி வேண்டாம். இப்போதுதான் உரம் போட்ட இடமும் வேண்டாம், ஆகவே அறுவடை முடியட்டும். நிழலில் உலர்த்தி கிருஷி பவனில் (கேரள வேளாண்மை அலுவலகம்) கொடுங்க.

படிவத்தில் துத்தநாகமும் இரும்பும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி எழுதுங்க, இல்லாவிட்டால் பேரூட்டம் (தழை, மணி, சாம்பல் சத்து) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். கேரளாவை 23 வேளாண் சூழல் அலகுகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம்முடையது கடைசி, பாலக்காடு கிழக்குச் சமவெளி. பரிந்துரை கேட்கும்போது அந்த அலகுக்கு உள்ளதைக் கேளுங்க, பொதுக் கையேட்டில் உள்ளதை அல்ல.

வேலந்தாவளம் காய்கறி எழுதியது:

போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுங்க. தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் நமக்கு மணக்கடவில் வர வேண்டிய 7.25 டி.எம்.சி. ஒழுங்காக வந்து கடைமடை வரை எட்டுகிற வருஷம் எங்கள் பயிர் தெளிவாக இருக்கும். போர் தண்ணீரையே நம்புகிற வருஷம் கொழுந்து வெளிறும். தண்ணீரிலேயே பைகார்பனேட் இருந்தால் நீங்கள் எத்தனை தடவை தெளித்தாலும் அடுத்த பாய்ச்சலில் திரும்பவும் மஞ்சள்தான்.