விழாக்கால அலங்கார விளக்குகள்: ஒரு மாதத்திற்கு எத்தனை யூனிட் ஆகும்?

கேள்வி

வணக்கம். விழாக்காலம் நெருங்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் மின்கட்டணத்தைப் பற்றிய விவாதமும் தொடங்கிவிடுகிறது. மாடிச் சுவரிலும் சன்னல்களிலும் வாசலிலுமாகப் பத்து சீரியல் செட்டுகளைத் தொங்கவிடுவது வழக்கம். ஒவ்வொன்றிலும் நூறு சிறு பல்புகள் இருக்கும். எல்லாமே பழைய இழை பல்புகள். மாலை ஆறு மணிக்குப் போட்டால் நள்ளிரவில்தான் அணைப்போம். ஏறத்தாழ ஒரு மாதம் இப்படி எரியும். எல்.இ.டி.க்கு மாறினால் செலவு பெருமளவு குறையும் என்கிறாள் மகள். இத்தனை சிறிய பல்புகள் என்ன மின்சாரத்தை இழுத்துவிடப் போகின்றன, புதிதாக வாங்கும் பணம்தான் வீண் என்பது என் தந்தையின் வாதம். இருவரில் யார் பக்கம் கணக்கு நிற்கிறது என்பதையும், அதை நானே கணக்கிடும் முறையையும் யாரேனும் விளக்கினால் நன்றாக இருக்கும். கூரை விளிம்பு நெடுக, சுமார் பத்து மீட்டருக்கு, எல்.இ.டி. ஸ்டிரிப் (சிறு எல்.இ.டி.கள் வரிசையாகப் பதித்த நாடா) ஒட்டும் எண்ணமும் உண்டு.

மறுமொழி 1

கணக்கு மிக எளிது. செட்டின் மீதோ பெட்டியின் மீதோ அச்சிட்டிருக்கும் வாட் அளவை, எரியும் மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும்.

நூறு சிறு இழை பல்புகள் கொண்ட ஒரு செட் பொதுவாக 40 வாட் அளவில் இழுக்கும். பத்து செட்டுகளுக்கு 400 வாட். ஆறு மணி நேரத்திற்கு 2.4 யூனிட், முப்பது நாளுக்கு 72 யூனிட். அதே எண்ணிக்கையில் எல்.இ.டி. செட்டுகள் என்றால் ஒன்றுக்கு 5 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 0.3 யூனிட், மாதத்திற்கு 9 யூனிட். வித்தியாசம் 63 யூனிட். இதை உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்குங்கள். பயன்பாடு கூடக் கூட விலை ஏறும் அடுக்குக் கட்டணம் என்றால், சராசரி விலையை எடுக்காமல், நீங்கள் எட்டும் கடைசி அடுக்கின் விலையை எடுக்க வேண்டும், ஏனெனில் அலங்கார விளக்குகளின் யூனிட்டுகள் மற்ற எல்லாப் பயன்பாட்டிற்கும் மேலேதான் வந்து சேர்கின்றன.

இத்தனை வேறுபாடு ஏன் என்றால், இழை பல்பு தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்குகிறது. எஞ்சும் சிறிதளவு வெளிச்சத்திலும், பல்பின் மேல் பூசிய சிவப்போ நீலமோ தனக்கு வேண்டாத நிறங்களை விழுங்கிவிடுகிறது. எல்.இ.டி.யில் குறைக்கடத்தியே நேரடியாக அந்த நிறத்தில் ஒளிர்வதால் இந்த இரண்டாவது இழப்பு இல்லை. நிற விளக்குகளில் எல்.இ.டி.யின் ஆதாயம் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

ஆனாலும் உங்கள் தந்தையை நான் முழுமையாக மறுக்க மாட்டேன். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினாலே 2 யூனிட். அதனருகே வைத்தால் பத்து செட்டுகளின் ஒரு நாள் செலவு பெரிய பூதம் அல்ல. நான்கைந்து மாலைகள் மட்டும் விளக்குப் போடும் வீடு என்றால், இருப்பவை பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டால் போதும் என்பேன். முழு மாதமும் எரிவதால் உங்கள் வீட்டில் மகள் சொல்வதற்கே எடை அதிகம். பழுதாகும்வரை காத்திருக்கலாம் என்பதற்கு விதிவிலக்கு, ஒன்றுக்கு 7 வாட் இழுக்கும் கட்டைவிரல் பருமனான வெளிப்புற இழை பல்புகள். அவற்றில் நூறு எரிந்தால் 700 வாட். அப்படிப்பட்டவை இருந்தால் எத்தனை நாள் எரிந்தாலும் முதலில் அவற்றைக் கழற்றுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ஸ்டிரிப் வேறு கணக்கு. எல்.இ.டி. என்று எழுதியிருந்தாலே மின்செலவு சொற்பம் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். மீட்டருக்கு 60 சில்லுகள் (சிறு எல்.இ.டி.கள்) கொண்ட 5050 வகை (இந்த எண் சில்லின் அளவைக் குறிக்கும்) ஸ்டிரிப் முழு வெளிச்சத்தில் மீட்டருக்கு 14.4 வாட் வரை இழுக்கும். உங்கள் பத்து மீட்டருக்கு 144 வாட். முப்பது நாளில் ஏறத்தாழ 26 யூனிட், அதாவது பத்து எல்.இ.டி. செட்டுகளும் சேர்ந்து செலவிடும் அளவைப் போல மூன்று மடங்கு. அதே எண்ணிக்கையில் சிறிய சில்லுகள் கொண்ட 3528 வகை மீட்டருக்கு 4.8 வாட் மட்டுமே; கூரை விளிம்பு அலங்காரத்திற்கு அந்த வெளிச்சமே போதும் என்பது என் கருத்து. பல நிறம் மாறும் ஸ்டிரிப்பில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எரிந்தால்தான் வெள்ளை கிடைக்கும் என்பதால், ஒரு நிறத்தை மட்டும் வைத்தால் செலவு மூன்றில் ஒரு பங்கு அளவிற்கு இறங்கும். 12 வோல்ட் ஸ்டிரிப்பை ஐந்து மீட்டருக்கு மேல் ஒரே முனையிலிருந்து ஓட்டினால் கடைசிப் பகுதி மங்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஓர் ஐயம். நண்பர் ஒருவர் தம் வீட்டு எல்.இ.டி. செட்டைக் கிளாம்ப் மீட்டரில் (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தைக் காட்டும் கருவி) அளந்து, மின்னோட்டத்தை வோல்ட்டால் பெருக்கியபோது, பெட்டியில் உள்ளதைப் போல இரு மடங்கு வாட் வந்ததாகச் சொல்கிறார். அப்படியென்றால் அச்சிட்ட எண்ணை நம்பலாமா? இன்னொன்று, என் பழைய செட்டுகளில் பல பல்புகள் எரிவதில்லை; அவற்றுக்குச் செலவும் அதற்கேற்பக் குறைவுதானே?

மறுமொழி 3

அச்சிட்ட எண் பொய் என்று அந்த அளவீட்டை வைத்துச் சொல்ல முடியாது. மலிவான எல்.இ.டி. செட்டுகளில் மின்னழுத்தத்தைக் குறைக்க மின்தேக்கியைப் பயன்படுத்துவார்கள். அதனால் மின்திறன் காரணி, அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண்ணில் உண்மையான வாட்டின் பங்கு, மிகவும் தாழ்ந்திருக்கும். அங்கே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிடைப்பது வோல்ட்-ஆம்பியர் மட்டுமே. உண்மையான வாட் அதைவிடக் குறைவு. வீட்டு மீட்டர்கள் பொதுவாக உண்மையான வாட்டைத்தான் யூனிட்டாகப் பதிவு செய்கின்றன. அதோடு, இத்தனை சிறிய மின்னோட்டத்தில் கிளாம்ப் மீட்டரின் துல்லியமும் ஐயத்திற்குரியது. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி அளப்பதே நம்பகமானது.

எரியாத பல்புகளைப் பற்றிய உங்கள் ஊகம் தலைகீழானது. அவை தொடர் இணைப்பில் இருப்பவை. ஒரு பல்பின் இழை அறுந்தால் அதனுள் இருக்கும் சிறு மாற்றுக் கம்பி மின்னோட்டத்திற்கு வழிவிட்டு, மற்றவை அணையாமல் காக்கிறது. ஆனால் அதே மின்னழுத்தத்தை இப்போது குறைவான பல்புகள் பங்கிட்டுக்கொள்வதால், மொத்த மின்தடை குறைந்து மின்னோட்டம் கூடுகிறது. செட் முன்பைவிடச் சற்று அதிக வாட்டை இழுக்கிறது, எஞ்சிய பல்புகளும் கூடுதல் சூட்டில் விரைவில் சாகின்றன. செத்த பல்புகளை உடனுக்குடன் மாற்ற முடியாத செட்டை எடுத்து வைத்துவிடுவதே நல்லது.

மறுமொழி 4

ஒரு சிறு சேர்க்கை. நள்ளிரவுக்குப் பதிலாகப் பத்து மணிக்கு அணையும்படி டைமர் வைத்தால், ஒரு செட்டைக்கூட மாற்றாமலே 72 யூனிட் 48 ஆகிவிடும். விழா முடிந்தபின் அடாப்டரைப் பிளக்கிலேயே விட்டுவிடாதீர்கள்: அரை வாட் மட்டுமே இழுக்கும் அடாப்டர் ஆண்டு முழுவதும் செருகிக் கிடந்தால் 4.4 யூனிட் போகும். உங்கள் பத்து எல்.இ.டி. செட்டுகளின் ஒரு மாதச் செலவில் அது ஏறக்குறைய பாதி.

கேட்டவர்

செட்டுகளை எல்.இ.டி.க்கு மாற்றுவதென்றும், கூரைக்கு 4.8 வாட் ஸ்டிரிப் வாங்குவதென்றும் வீட்டில் முடிவாகிவிட்டது. தந்தையும் டைமருக்கு இசைந்துவிட்டார். ஸ்டிரிப்பின் வெளிச்சத்தை டிம்மரால் குறைத்தால் யூனிட்டும் குறையுமா?

மறுமொழி 2 எழுதியவர்

குறையும். அந்த டிம்மர்கள் எல்.இ.டி.யைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து எரியவிடுகின்றன. பாதி நேரம் அணைந்திருந்தால் ஏறத்தாழ பாதி வாட்தான் செலவாகும். ஆனால் கண் வெளிச்சத்தை நேர் விகிதத்தில் உணர்வதில்லை என்பதால், பாதியாகக் குறைத்த ஸ்டிரிப்பும் பார்ப்பதற்குப் பாதிக்கு மேலேயே பிரகாசமாகத் தெரியும். இழை பல்பில் இந்தச் சலுகை கிடையாது. அதில் வாட்டைப் பாதியாக்கினால் வெளிச்சம் பாதிக்கும் வெகு கீழே இறங்கி, நிறமும் செம்மஞ்சளாக மங்கிவிடும்.