மடித்து வைத்த பத்திரம்

போன மாதம் சிங்கப்பூரின் தோ பாயோ நூலகத்தில் வில்கி காலின்ஸின் 'த வுமன் இன் வைட்' கையில் சிக்கியது. 1859இல் தொடர்கதையாக வரத் தொடங்கிய மர்ம நாவல். தூக்கம் வராத இரவுக்கு ஆகும் என்றுதான் எடுத்தேன்.

அதில் ஓர் இடம். சர் பெர்சிவல் தன் மனைவி லாராவிடம் ஒரு பத்திரத்தை நீட்டுகிறார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிறது, மற்றதெல்லாம் மடித்திருக்கிறது. படிக்காமல் போட மாட்டேன் என்கிறாள் லாரா. அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டேன்.

நான் உயர்நிலை இரண்டில் இருந்தபோது பெரியப்பா கடன் பத்திரத்தோடு வீட்டுக்கு வந்தார். "இங்கதாம்மா, ஒரே ஒரு கையெழுத்து." அம்மா சப்பாத்தி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டார். அது ஜாமீன் கையெழுத்து என்பது பெரியப்பா தவணை கட்டாமல் விட்ட பிறகுதான் தெரிந்தது. ஆறு வருஷம் அம்மாவின் ஓவர்டைம் பணம் அதற்கே போனது.

லாரா காலத்து இங்கிலாந்தில் மனைவியின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். 1882இல் அங்கே வந்த மணமான பெண்களின் சொத்துச் சட்டம்தான் அதை மாற்றியது. இங்கே சிங்கப்பூரில் 1961லேயே மாதர் சாசனம் என்ற பெண்களுக்கான சட்டம் வந்துவிட்டது. மணமான பெண்ணும் தன் பெயரில் ஒப்பந்தம் போடலாம். அம்மாவின் கையெழுத்து செல்லும். செல்லும் என்பதால்தானே பெரியப்பா தேடி வந்தார்!

* * *

(ஒரு வாசகியின் பதில்) அக்கா, எனக்கு அப்படி மனசைத் தொட்டது டாஃப்னி டு மோரியேயின் 'ரெபெக்கா' நாவல். 1938இல் வந்தது. கதை சொல்லும் மனைவிக்குக் கடைசிவரை பெயரே கிடையாது. கல்யாணமாகிப் புக்ககம் போன புதிதில் ஈசூனில் நான் நான்கு வருஷம் 'சின்ன மருமக'. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிளினிக் தாதி மட்டும்தான்.

* * *

(ஒரு வாசகரின் பதில்) அக்கா, அந்தப் புத்தகத்தை ரொம்பவும் புகழாதீர்கள். அதே காலின்ஸ் நாவலில் துப்பறியும் மரியனே, லாராவின் அக்கா, பெண்களை மட்டம் தட்டிப் பேசுகிறாள். கடைசியில் வழக்கை முடிப்பது ஒரு ஆண்.

* * *

(என் பதில்) சரிதான் தம்பி. ஆனால் ஒட்டுக்கேட்க, பட்டு கவுனைக் கழற்றிவிட்டு ராத்திரியில் கூரைமேல் ஏறுகிறவளும் அவள்தானே? வாய் பேசியதைவிட எனக்கு அதுதான் நிற்கிறது.

நேற்று அம்மாவுக்குக் கதை சொன்னேன். "கடைசியில கையெழுத்துப் போட்டாளா?"

"இல்லம்மா. அதுக்கப்புறம் வேற ஒருத்தி பேர்ல அவளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில அடைச்சிட்டாங்க."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கூரை ஏறினவ வந்து கூட்டிட்டுப் போவாளா?" என்றார்.