டிப்-அப் கொடி எழவில்லை, இரை மட்டும் காணாமல் போகிறது. அவசர உதவி!

வெள்ளிச்செதில்:
நாளை விடியற்காலை மறுபடி ஏரிக்குப் போகிறோம், அதற்குள் யாராவது சொல்லுங்கள். வீட்டிலேயே செய்த டிப்-அப், அதாவது உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டு அதன் மேல் வைத்துவிடும் கொடித் தூண்டில். மீன் இழுத்தால் கொடி எழ வேண்டும், எழவே மாட்டேன் என்கிறது. போய்த் தூக்கிப் பார்த்தால் முள்ளில் இரை இல்லை. போன குளிர்காலத்தில் இதே சாமான்தான், ஒரு குறையும் இல்லை. இந்த வருடம் குளிரே சரியில்லாததால் மீன்கள் மந்தமாகிவிட்டனவா, இல்லை வேறு ஏதாவதா?

தக்கை:
என்ன மீனுக்குப் போடுகிறீர்கள்? நரம்பு சுற்றிய உருளை பனிக்கட்டிக்கு மேலே இருக்கிறதா, தண்ணீருக்குள்ளா? சட்டம் மரமா, பிவிசி குழாயா? அச்சு எதனால் ஆனது? இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் அவசரம் என்றால் எப்படி?

ஈயக்குண்டு:
முள் பெரிதாக இருக்கும். சின்ன பெர்ச் மீன் ஓரத்தைக் கொத்திக் கொத்தியே இரையை உருவிவிடும், கொடிக்குத் தெரியவே தெரியாது. முள்ளை இரண்டு அளவு குறையுங்கள், எல்லாம் சரியாகிவிடும். என் அனுபவத்தில் தூண்டிலில் எது கெட்டாலும் முதல் குற்றவாளி முள்தான்.

ஆழ்நீர்:
இது எத்தனையோ முறை பேசி முடித்த விஷயம். தேடிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த விவாத இழையே தேவைப்பட்டிருக்காது. டிப்-அப்பில் உருளை தண்ணீருக்குள் முங்கி இருக்க வேண்டும், அதன் சூட்சுமமே அதுதான். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி, அதனால் அது அடியில் தங்கும், குளிர்ந்தது மேலே நிற்கும். பனிக்கட்டிக்குக் கீழே எவ்வளவு குளிர்ந்தாலும் அது தண்ணீர்தான், அங்கே உருளை உறையாது. நீங்கள் ஏதோ படத்தைப் பார்த்து உருளையைச் சட்டத்தின் மேல் மாட்டியிருப்பீர்கள். அடிப்படை தெரியாமல் ஆணியும் சுத்தியலும் எடுத்தால் இப்படித்தான்.

வெள்ளிச்செதில்:
உருளை மேலேதான். மரச் சட்டம், மரக்குச்சி அச்சு, கொடிக்குப் பழைய அளவு நாடாவின் எஃகுத் துண்டு. பெர்ச்தான், எப்போதாவது பைக் மீன். ஆனால் போன வருடம் வேலை செய்ததே? வீட்டில் சுற்றிப் பார்த்தால் இப்போதும் வழுக்கிக்கொண்டு சுழல்கிறது.

தக்கை:
இப்போதுதான் பேச வழி கிடைத்தது. போன வருடம் நல்ல குளிர் என்றால் சுற்றிலும் கிடந்தது காய்ந்த பொடிப் பனி, சட்டத்தில் ஈரமே ஏறியிருக்காது. இந்த வருடம் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி ஏறி இறங்குகிறது. மேலே விழுந்த பனியின் பாரத்தில் பனிக்கட்டி அமுங்கி, நீங்கள் போட்ட துளை வழியாகவே தண்ணீர் மேலே வந்து, சுற்றிலும் பனிச்சேறாக நிற்கும். மரக்குச்சி அந்த ஈரத்தைக் குடித்து உப்பி, துளைக்குள் இறுகிவிடும். வெயில் சாய்ந்து மைனஸுக்குப் போனதும் உருளையில் நனைந்த நரம்பு ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். பெர்ச் இழுத்துப் பார்க்கும், எதிர்ப்பு தெரிந்ததும் இரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். வீட்டுக்குக் கொண்டுவந்து காய்ந்த பிறகு சுற்றினால் சுழலத்தான் செய்யும்.

இன்று இரவே ஒன்றை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் சுற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும். நாளைக்குள் செய்யக்கூடியது: அச்சுத் துளையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அராவிப் பெரிதாக்கி, குச்சியில் மெழுகுவத்தியை நன்றாகத் தேயுங்கள். அப்புறம் நிதானமாக, மரக்குச்சியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய்க்குள் துருப்பிடிக்காத கம்பி, உள்ளே குளிரில் இறுகாத கிரீஸ், உருளை தண்ணீருக்குள் என்று மாற்றிக் கட்டுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், குளிரில் அதுவே பசை மாதிரி ஆகிவிடும்.

ஈயக்குண்டு:
இருந்தாலும் முள்ளையும் ஒரு தடவை பார்ப்பதில் நஷ்டமில்லை.

மீன்கொத்தி:
கொடி, முள், கிரீஸ் எல்லாம் சரி. பனிக்கட்டி எவ்வளவு கனம் என்று ஒருத்தருமே கேட்கவில்லையே? பனிச்சேறு நிற்கிற ஏரிக்கு விடியற்காலையில் போகிறார்.

ஆழ்நீர்:
நடந்து போக 10 செ.மீ. போதும். இதைக்கூடக் கேட்க வேண்டுமா?

மீன்கொத்தி:
அந்தப் 10 செ.மீ. தெளிவான, புதிதாக உறைந்த பனிக்கட்டிக்கு. பனிச்சேறு மறுபடி உறைந்து வருகிற வெள்ளைப் பனிக்கட்டியில் காற்றுக்குமிழி நிறைய, பலம் ஏறக்குறைய பாதிதான், அதனால் கனம் இரண்டு மடங்கு வேண்டும். இளங்குளிர் வருடத்தில் மேலே இருப்பது பெரும்பாலும் இந்த வெள்ளைதான். 2023 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் மினசோட்டாவின் அப்பர் ரெட் ஏரியில் பனிக்கட்டிப் பாளம் கரையிலிருந்து பிரிந்து, 100 பேருக்கும் மேல் அதில் மாட்டிக்கொண்டு மீட்கப்பட்டார்களே, மறந்துவிட்டதா?

ஆழ்நீர்:
அங்கே பாளம் பிரிந்து நகர்ந்தது, யாருடைய காலடியிலும் உடையவில்லை. கனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உதாரணம் சொல்லும்போது பொருத்தமாகச் சொல்லுங்கள்.

மீன்கொத்தி:
கனத்தை மட்டும் அளந்துவிட்டுத் தைரியமாக இருக்காதீர்கள் என்பதற்குத்தான் அந்த உதாரணமே. கரையோர விரிசலையும் பாருங்கள், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்றும் பாருங்கள். ஓடை வந்து சேரும் வாயில் இன்னும் மோசம், ஓட்டம் அடியிலிருந்தே அரித்துக்கொண்டிருக்கும்.

ஆழ்நீர்:
இது டிப்-அப் இழை. பாதுகாப்பு வகுப்பு வேறு இடத்தில் நடத்தலாம்.

மீன்கொத்தி:
நடத்திவிட்டுத்தான் போவேன். வெள்ளிச்செதில், வீட்டில் சாமான் செய்யத் தெரிந்தவர் நீங்கள், இன்று இரவு இதையும் செய்யுங்கள். உள்ளங்கை அளவில் இரண்டு மரக்கட்டை, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு ஆணியை அடித்து, தலையை வெட்டி, கூராக்கி, இரண்டையும் கயிற்றால் இணைத்துக் கழுத்தில் தொங்கவிடுங்கள். தண்ணீரில் விழுந்தால் ஈரமான பனிக்கட்டி வெறுங்கைக்குப் பிடி கொடுக்காது. இந்த ஆணிகளைக் குத்தி, காலை உதைத்து, வந்த வழியாகவே ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். கையில் ஒரு கனமான கடப்பாரை இருக்கட்டும், முன்னால் தட்டிக்கொண்டே நடங்கள், ஒரு குத்தில் ஓட்டை விழுந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

தக்கை:
மீன்கொத்தி சொல்வது முழுக்கச் சரி. என் மெழுகு வைத்தியம் ஒருநாள் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது.

வெள்ளிச்செதில்:
வாளியில் போட்டது காலையில் அசையவே இல்லை. அராவி, மெழுகு தேய்த்தாயிற்று. ஏரிக்குப் போனோம், கரையிலேயே கடப்பாரை உள்ளே போய்விட்டது, திரும்பிவிட்டோம். குளிர் இறுகினால் பார்க்கலாம். நன்றி.

பனிப்புழு:
எனக்கு நேர்மாறான தொல்லை. மீனே இல்லாமல் காற்றிலேயே கொடி எழுகிறது. நான் என்ன செய்வது?

ஆழ்நீர்:
தனி இழை தொடங்குங்கள். அதற்கு முன் தேடிப் பாருங்கள்.