கேஸ் இல்லாத வீட்டுக்கு ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: திருவொற்றியூர் கடல்காற்றுக்குத் தாங்குமா?

தேரடிவீடு

வணக்கம். திருவொற்றியூர் தேரடி பக்கம் சொந்த வீடு. கீழும் மேலுமாக ஆறு பேர் இருக்கிறோம். வீட்டில் கேஸ் கிடையாது. மாமியாருக்கு மறதி அதிகமாகி, அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமலே போய்விடுவார். பயந்துபோய் கனெக்‌ஷனையே சரண்டர் செய்துவிட்டு இண்டக்‌ஷனுக்கு மாறிவிட்டோம். அதனால் கேஸ் கீஸர் போடுங்கள் என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்.

இப்போது இரண்டு பாத்ரூமிலும் 15 லிட்டர் கரண்ட் கீஸர். மாமியாருக்கு மூட்டுவலி, சித்திரை வெயிலிலும் வெந்நீரில்தான் குளிப்பார். மழை தொடங்கிவிட்டால் எல்லோருக்கும் வெந்நீர் வேண்டும். கார்த்திகை, மார்கழி பில் 620 யூனிட்டுக்குக் குறைவதில்லை. ஒரு கீஸர் அடியில் கசிகிறது, எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். ஹீட் பம்ப் விசாரித்தால் கடைக்காரர் 300 லிட்டர் எடுங்கள் என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணனோ அது குளிர் நாட்டு மெஷின், நம்ம ஊருக்கு ஆகாது என்கிறார்.

என் பயம் கடல்காற்றுதான். எங்கள் தெருவில் ஏசி அவுட்டோர் யூனிட்டெல்லாம் நாலைந்து வருஷத்தில் உதிர்ந்து கொட்டுகிறது. போர் தண்ணீர் உப்பு. மெட்ரோ வாட்டருக்குத் தனி சின்டெக்ஸ் இருக்கிறது. என்ன சைஸ், எதைப் பார்த்து வாங்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூலிங்காயில்

சிஸ்டர், நான் தண்டையார்பேட்டையில் ஏசி, ஃப்ரிட்ஜ் வேலை பார்க்கிறவன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மாடி மாடியாக ஏறி வேலை செய்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது. ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி, கம்ப்ரஸர் வழியாகத் தண்ணீரில் ஏற்றுகிறது. காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு சுலபமாக வேலை நடக்கும். குளிர் நாட்டில் பனியில் நின்றுகொண்டு வீட்டையே சூடாக்கும்போது அது திணறும். நம்ம ஊரில் மார்கழி விடியலிலும் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. இதைவிட நல்ல காற்று அதற்கு எங்கே கிடைக்கும்?

சைஸ் விஷயத்தில் 300 லிட்டர் வேண்டாம். 55 டிகிரி வெந்நீர் ஒரு பங்குக்குப் பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 40 டிகிரி, குளிக்கிற சூடு. அப்படிப் பார்த்தால் 150 லிட்டர் டேங்க் 300 லிட்டர் குளிக்கிற தண்ணீர் தரும், 20 லிட்டர் பக்கெட்டில் 15 பக்கெட். ஆறு பேருக்குத் தாராளம். 26 டிகிரியில் வரும் 150 லிட்டரை 55-க்குக் கொண்டுபோக கரண்ட் கீஸருக்கு சுமார் 5 யூனிட் வேண்டும். ஹீட் பம்ப் அதையே ஒன்றரையிலிருந்து இரண்டு யூனிட்டில் முடிக்கும். தினமும் அவ்வளவு வெந்நீரும் செலவானால் இரண்டு மாத பில்லில் 180 யூனிட் போல மிச்சம். உங்கள் 620, 440-க்கு வரும். 500-ஐத் தாண்டாமல் இருப்பதுதான் பெரிய லாபம், தாண்டிவிட்டால் முதலில் வரும் யூனிட்டுகளுக்கான சலுகை ரேட்டும் போய்விடும். கோடையில் மாமியார் மட்டும் குளித்தால் மிச்சம் கொஞ்சம்தான். வருஷம் முழுக்க இதே லாபம் என்று யாராவது கணக்குக் காட்டினால் நம்பாதீர்கள்.

இப்போது கடல்காற்று. நீங்கள் பயப்படுவது நியாயம். ஏசி மாதிரியே ஹீட் பம்பிலும் காற்றிலிருந்து சூடு எடுக்க ஒரு காயில் உண்டு. உப்புக்காற்று பட்ட ஏசி காயிலை நான் கழற்றிப் பார்க்கும்போது செம்புக் குழாய் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியாகி, விரல் பட்டாலே உதிரும். செம்பும் அலுமினியமும் சேர்ந்த இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். தகடு போனால் காற்றிலிருந்து சூடு எடுக்க முடியாமல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், பில் பழையபடி ஏறும். கடையில் காட்டுகிற நீலப் பூச்சு ஓரளவுக்குத்தான். காயிலுக்கு எபாக்ஸி கோட்டிங் உண்டா, கடலோரத்தில் வைத்தால் வாரண்டி செல்லுமா, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் மாசம் ஒரு தடவை, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மெட்ரோ தண்ணீரால் காயிலை மெதுவாகக் கழுவி விடுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடு மடங்கிவிடும். இந்தப் பழக்கம் இருக்கிற வீட்டில் காயில் எவ்வளவோ நாள் நிற்கிறது.

டேங்குக்கு மெட்ரோ சின்டெக்ஸிலிருந்து மட்டும் லைன் கொடுங்கள். மீஞ்சூரிலிருந்து உங்கள் பக்கம் வரை நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது. அந்தக் குளோரைடு சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே புள்ளி புள்ளியாக ஓட்டை போடும். உள்ளே கிளாஸ் கோட்டிங்கும் மெக்னீசியம் ராடும் உள்ள டேங்காக எடுங்கள். அந்த ராடுதான் டேங்குக்குப் பதில் கரைகிறது. வருஷம் ஒரு தடவை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். மாற்று ராடு சென்னையில் ஸ்டாக் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரம்பூர்மாடி

சோலார் பற்றி யாராவது சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் மாடியில் கண்ணாடிக் குழாய் சோலார் ஹீட்டர் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் கொதிக்கக் கொதிக்க வரும், அப்போது யாருக்கும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை பிடித்தால் பச்சைத் தண்ணீர்தான், உள்ளே இருக்கும் கரண்ட் காயிலைப் போட வேண்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஊருக்கு, வெந்நீர் தேவைப்படும் மாசத்தில் வெயில் இருப்பதில்லை. போர் தண்ணீர் விட்டதில் குழாய்க்குள் சுண்ணாம்பு அடைத்து, அடிக்கடி இறக்கிக் கழுவ வேண்டியதாகிவிட்டது. எனக்கு இன்னொரு தடவை வாய்ப்புக் கிடைத்தால் ஹீட் பம்ப்தான்.

தேரடிவீடு

ரொம்ப நன்றி அண்ணா. 150 லிட்டர் என்றே முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். ஒரு மாடலில் ஆர்290 என்று போட்டிருக்கிறது, அது புரொப்பேன் என்கிறார்கள். கேஸ் வேண்டாம் என்று விட்ட வீட்டில் மறுபடியும் கேஸா? அப்புறம், கீழே பின்கட்டில் வைக்கலாமா, மொட்டை மாடியா? கரண்ட் போனால் என்ன ஆகும்?

கூலிங்காயில்

ஆர்290 புரொப்பேன்தான், சிலிண்டர் கேஸிலும் இருப்பதுதான். ஆனால் இது எரிப்பதற்கு இல்லை, ஏசி கேஸ் மாதிரி சூட்டைச் சுமந்துகொண்டு சீல் செய்த குழாய்க்குள் சில நூறு கிராம் மட்டும் சுற்றி வரும். உங்கள் மாமியார் திறக்கிற மாதிரி நாப் எதுவும் கிடையாது. திறந்தவெளியில் வைத்தால் கவலை இல்லை. மூடின பாத்ரூமிலோ மாடிப்படிக்கு அடியிலோ மட்டும் வைக்கக் கூடாது. மனசு ஒப்பவில்லை என்றால் ஆர்134ஏ மாடலும் கிடைக்கும். ஆனால் அது கசிந்தால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். என் வீட்டுக்கு வாங்குவதாக இருந்தால் ஆர்290-தான் வாங்குவேன்.

பின்கட்டு வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுக்குள் வந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். கம்ப்ரஸர் முழுகினால் அத்தோடு சரி. மொட்டை மாடியில் ஹெட்ரூம் சுவருக்கு மேற்குப் பக்கமாக வையுங்கள், கடல்காற்று நேராக அடிக்காது. காற்று உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் சுவரிலிருந்து இடைவெளி விட வேண்டும். ஓடும்போது ஏசி மாதிரியே தண்ணீர் சொட்டும், அதற்கு ஒரு டிரெயின் பைப்.

கரண்ட் கட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. மத்தியானம் 1 மணிக்கு டைமர் வைத்தால் 150 லிட்டர் சூடாக மூன்று மணி நேரம் போல ஆகும். அந்த நேரத்தில் காற்றும் சூடு, கரண்டும் குறைவாக இழுக்கும். டேங்கைச் சுற்றி சூடு வெளியேறாமல் தடுக்கிற பஃப் நுரை இருப்பதால் மறுநாள் காலை வரை குளிக்கிற சூடு நிற்கும். வாரம் ஒரு நாள் 60 டிகிரிக்கு ஏற்றுங்கள், தேங்கின வெந்நீரில் கிருமி வளராது. மற்ற நாள் 50, 55 போதும். அதற்கு மேல் வைத்தால் உப்புதான் படியும்.

தண்ணீரோடு சேர்த்து எடை 200 கிலோவைத் தாண்டும். ஸ்லாப் நடுவில் வைக்காமல் பீம் போகிற இடத்தில் வையுங்கள். வீடு கட்டின மேஸ்திரி இருந்தால் அவரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதன் பிறகு ஆர்டர் கொடுங்கள்.