உங்க வேடர் எங்க ஒழுகுச்சு? எத்தனை சீசன் தாங்குச்சு?

சேற்றுக்கால்:
வேட்டைக்குப் போறவனுக்கும் வேடர், அவன் தண்ணியில நிக்கப் போடுற, பூட்லேர்ந்து நெஞ்சு வரைக்கும் வர்ற நீர்புகா உடுப்புக்கும் (wader) வேடர். பேர்ப் பொருத்தம் மட்டும்தான் எனக்கு ஒழுகாம இருக்கு.

மூணாவது சீசன். பிரீத்தபிள் வகை, அதாவது வேர்வை ஆவியை வெளிய விடுற துணி, பூட் ஒட்டியே வர்றது. விடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, தொப்புள் மட்டத் தண்ணியில நின்னு, நிஜ வாத்துகளை ஈர்க்கிற பொம்மை வாத்துகளை இறக்கிட்டிருந்தேன். பதினோராவது பொம்மையோட கயிறு சிக்கிக்கிச்சு. பல்லால பிரிக்கும்போது இடது பின்தொடையில சில்லுனு ஒரு கோடு இறங்குச்சு. மெதுவா முழங்கால் மடிப்புல நின்னுச்சு, அப்புறம் குதிகால் வரைக்கும் போச்சு. வாயில கயிறு, திட்டக்கூட முடியல. அன்னைக்கு முதல் கூட்டம் தலைக்கு மேல தாழ வந்தப்ப, நான் கரையில ஒத்தக்கால்ல நின்னு பூட்டைக் கவுத்துத் தண்ணி வடிச்சிட்டிருந்தேன்.

கவட்டுத் தையல்தான் விட்டிருக்கும், எல்லாருக்கும் அங்கதானே போகுது. அடுத்ததுக்கு டினியர் கூடுதலா பாக்கணுமா, இல்ல பழையபடி நியோப்ரீன்ங்கிற நுரை ரப்பரா?

நாணல்காடு:
ஒழுகலே இல்லாம இருக்கலாம் நண்பா. நான் பட்டது அது. 5 மில்லிமீட்டர் நியோப்ரீன், புத்தம் புதுசு. பொம்மை மூட்டையை முதுகுல போட்டுக்கிட்டு சேத்துல ரொம்ப தூரம் நடந்தேன். தண்ணியில நின்ன கொஞ்ச நேரத்துல ரெண்டு காலும் நசநசன்னு ஈரம். திருப்பி அனுப்பினேன், மாத்திக் குடுத்தாங்க. அதுவும் அப்படியே. கடைசியில உள்பக்கம் விரலைத் தேச்சு நாக்குல வச்சுப் பாத்தேன். உப்பு! அத்தனையும் என் வேர்வை. நியோப்ரீன் குளிருக்குக் கம்பளி மாதிரி, ஆனா வேர்வையை வெளிய விடாது. ஒரு நல்ல கம்பெனியை நாலு பேர்கிட்ட திட்டி வச்சது இப்பவும் உறுத்துது.

ரெண்டுகுழல்:
நாணல்காடு, உப்புத்தண்ணிக் கழிமுகத்துல வேட்டையாடுறவன் நாக்கை வச்சு என்னத்தக் கண்டுபிடிப்பான்? அதுவும் போக, அவர் சொன்னது ஒரே தொடை, ஒரே கோடு. வேர்வை இடது வலது பாத்தா வரும்?

என் கதை துணியைப் பத்தினதே இல்ல. தண்ணி உள்ள இறங்காம வேடர் மேல இடுப்புல இறுக்குற பெல்ட்டை வண்டியிலயே விட்டுட்டுப் போன நாள். அடிபட்ட வாத்து ஒண்ணு நாணலுக்குள்ள நீந்துது, அதையே பாத்துக்கிட்டு ஒரு அடி பக்கவாட்டுல வச்சேன், வாய்க்கால். நெஞ்சு வழியா தண்ணி உள்ள வந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு, குடத்துல மொண்ட மாதிரி. அந்தக் குளிர்ல மூச்சு என் பேச்சைக் கேக்கல, இழுத்து இழுத்து அதுவா வாங்குது. நிறைஞ்ச வேடர் ஆளை அடிக்கு இழுத்துரும்னு சொல்றது தப்பு. தண்ணிக்குள்ள தண்ணிக்கு எடை தெரியாது. கரையேறும்போதுதான் தெரியும்: உள்ள இருபது லிட்டர்னா காலோட இருபது கிலோ. நாணல் வேரைப் பிடிச்சுக்கிட்டு, வயித்தால தவழ்ந்து, பாதி உடம்பு வெளிய, பாதி உள்ள, அப்படியே கிடந்தேன். துப்பாக்கி எங்க போச்சுன்னு அப்ப நினைக்கவே இல்ல.

டினியர் அப்புறம். பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்க.

பழையபடகு:
என்னோடது சின்னக் கதை. சீசன் முடிஞ்சு ஈரத்தோட சுருட்டி மூலையில போட்டேன். அடுத்த சீசன் முதல் நாள் காலை விட்டா பூட்டுக்குள்ள எலிக்கூடு. குட்டிங்களோட. அவ்வளவுதான்.

ஆனா சேற்றுக்கால், வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் கேளுங்க. கடையில நின்னு மட்டும் போட்டுப் பாக்காதீங்க. உள்ள போடுற கம்பளி, ரெண்டு சாக்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டு முட்டி போடுங்க, ஒரு காலை நாற்காலி மேல தூக்கி வையுங்க. கவட்டுல இழுத்துச்சுன்னா அந்தத் தையல் ஒவ்வொரு தடவை படகேறும்போதும் இழுபடும், ஒருநாள் விடும். ரொம்பத் தொளதொளன்னு இருந்தாலும் தொடை ரெண்டும் உரசி லேமினேஷன் தேயும். டினியர்ங்கிறது நூலோட தடிமன் கணக்கு, உள்ள இருக்கிற நீர்புகாப் படலத்தைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது. முழங்கால்லயும் முன்கால்லயும் இன்னொரு அடுக்குத் துணி வச்சுத் தைச்சிருக்கான்னு தடவிப் பாருங்க. ஜிப் வச்சது சிறுநீர் கழிக்க சொர்க்கம்தான், ஆனா அந்த ஜிப்புக்கு மெழுகு தடவணும், மணல் போகாம பாத்துக்கணும். பூட் இன்சுலேஷனை, அதான் குளிர் தடுக்கிற உள் அடுக்கை, சதுர மீட்டருக்கு 1600 கிராம்னு பெருமைக்கு வாங்கினா நடக்கும்போதே பாதம் வேர்த்து, நிக்கும்போது உறையும். முடிஞ்சதும் உள்ள வெளிய காயவச்சு, பூட் மேலயும் மார்பு கீழயுமா தொங்கவிடுங்க. வெயில்ல இல்ல, ஹீட்டர் பக்கத்துலயும் இல்ல, ரப்பர் வெடிச்சிரும். ஒட்டுறதுக்கு முன்னாடி ஆல்கஹால்ல துடைச்சு, பசை முழுசா இறுக ஒரு ராத்திரியாவது விடுங்க. இன்னொண்ணு, தொளைய முதல்ல கண்டுபிடிங்க! இருட்டு ரூம்ல டார்ச்சை உள்ள விட்டாலே பாதி தெரிஞ்சுரும். பிரீத்தபிள்னா உள்வெளியா திருப்பி ஆல்கஹால் தெளிங்க, ஓட்டை இருக்கிற இடம் கருத்துக் காட்டும்.

நாய்க்காரன்:
பழையபடகு சொன்ன ரெட்டை அடுக்கு முழங்கால்லதானே? என் நாய் மேடையில ஏத்தச் சொல்லி முன்னங்காலைத் தூக்கி என் தொடையில வைக்கும், ஒத்தை அடுக்கு இருக்கிற இடமா பாத்து. வாத்து வாயில, வாலாட்டிக்கிட்டு, சரக்னு ஒரு நகம். அந்த முகத்தைப் பாத்துத் திட்ட முடியுமா? நாலு தொளை, நாலும் ஒரே உயரம். இப்ப நகம் வெட்டிட்டுத்தான் கிளம்புறது.

நீர்நாய் கடிச்சு விட்ட குச்சி முனை எல்லாம் இதுக்கப்புறம்தான்.

நாணல்காடு:
குச்சி கடிக்கிறது நீர்நாய் இல்லீங்க, பீவர். நீர்நாய் மீன் திங்கும். ரெண்டுகுழல், ஒரே தொடைங்கிறது நியாயம்தான், ஒத்துக்கறேன்.

சேற்றுக்கால்:
நேத்து ராத்திரி விளக்கை அணைச்சுட்டு டார்ச்சை உள்ள விட்டேன். கவட்டுத் தையல் முழுசும் இருட்டு, ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. இடது பின்புறம், உட்கார்ற இடத்துக்குக் கொஞ்சம் கீழ, நட்சத்திரம் மாதிரி மூணு புள்ளி பக்கத்துப் பக்கத்துல. வெளிய வந்து படகைப் பாத்தேன். நான் உட்கார்ற பலகையில இடது ஓரமா ஒரு ஆணித்தலை துருத்திக்கிட்டு நிக்குது. மூணு சீசனா அதுமேலதான் உட்கார்ந்து துடுப்பு போட்டிருக்கேன்.

ஆணியை அடிச்சு இறக்கிட்டேன். பசை காயுது. ரெண்டுகுழல், துப்பாக்கி கிடைச்சுதா?