டெரேச்சோ (நெடுந்தூரம் நேர்த்திசையில் வீசும் இடிமழைப் புயல்காற்று) அடித்த அன்று எங்கே இருந்தீர்கள்?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அட்கின்ஸ் ஊர்ப் பக்கத்திலிருந்து:

2020 ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை. கொரோனா காலம் என்பதால் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. பன்னிரண்டரை மணி வாக்கில் போன் அலறியது, கூடவே ஊர்ச் சங்கும் ஊதியது. அயோவாவில் சங்கு ஊதினால் பாதிப் பேர் வாசலுக்கு வந்து டொர்னாடோ என்ற சுழல்காற்று தெரிகிறதா என்று வானத்தைப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். தும்பிக்கை மாதிரி எதுவும் இல்லை. மேற்கே அடிவானம் முழுக்க ஒரே கரிய சுவர். இரண்டு நிமிடத்தில் பக்கத்துப் பண்ணையே கண்ணுக்குத் தெரியவில்லை.

மகளைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்ட்டுக்கு ஓடினோம். இடிமழைக் காற்று என்றால் ஒரு வீச்சு வீசிவிட்டு ஓயும், இல்லையா? இது ஓயவே இல்லை. முக்கால் மணி நேரம் ஒரே திசையிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. மேலே ஏதோ உடையும் சத்தம் கேட்கக் கேட்க, எது போயிருக்கும் என்று மனைவி ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னல், கிரில், மேப்பிள் மரம். அவள் கணக்கு சரிதான், மூன்றும் போயிருந்தன.

வெளியே வந்து பார்த்தால், ஆள் உயரத்தைத் தாண்டி நின்ற மக்காச்சோளம் பாய் விரித்தாற்போல் கிழக்கே பார்த்துப் படுத்திருந்தது. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டிலிருந்து அடுத்த சாலை தெரிந்ததில்லை, அன்றைக்குத் தெரிந்தது. அட்கின்ஸ் அருகே ஒரு கருவியில் மணிக்கு 126 மைல், அதாவது 200 கிலோமீட்டருக்கு மேல் பதிவானதாகப் பின்னால் படித்தேன். பக்கத்து நகரமான சீடர் ராப்பிட்ஸில் இடிந்த அடுக்குமாடிகளை வைத்து 140 மைல் இருந்திருக்கும் என்று கணித்தார்கள்.

பக்கத்துப் பண்ணைப் பெரியவரின் இரும்புக் குதிர்கள் இரண்டும், காலால் மிதித்த தகரடப்பா மாதிரி நசுங்கிக் கிடந்தன. அறுவடைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்ததால் அவை காலியாக இருந்தன. அதுதான் வினை என்றார். உள்ளே தானியம் இருந்திருந்தால் அந்தக் கனமே தாங்கியிருக்குமாம்.

அயோவாவின் ஏம்ஸ் நகரில் படித்தவர்:

அண்ணா, எங்களுக்கு உங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது, பதினொரு மணிக்கு மேல். செமஸ்டர் தொடங்க ஒரு வாரம் இருந்தது. புது அபார்ட்மென்ட்டுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். மெத்தையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே ஓடினோம். மெத்தை போனது போனதுதான்.

எனக்கு ஆச்சரியம், அன்று காலை வானிலைச் செய்தியில் இவ்வளவு பெரிதாக வரும் என்று யாரும் சொல்லவில்லை என்பதுதான். தெற்கு டகோட்டாவின் ஓரத்தில் காலையில் சாதாரண இடிமழையாக ஆரம்பித்து, ஒஹாயோ வரைக்கும் 770 மைலை 14 மணி நேரத்தில் கடந்திருக்கிறது. மழையோடு இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதி முன்னால் பாய, அது எதிரே உள்ள வெக்கையும் ஈரமுமான காற்றை மேலே கிளப்ப, அதில் புது இடிமேகம் பிறக்க, இப்படியே தனக்குத்தானே தீனி போட்டுக்கொண்டு போகும். ரேடார் படத்தில் வளைத்த வில் மாதிரி இருந்தது. டெரேச்சோ என்றால் ஸ்பானிஷில் 'நேர்' என்று பொருள். 1888-இல் அந்தப் பெயரை வைத்தவரும் அயோவா பேராசிரியர்தான், ஹின்ரிக்ஸ். நம்மூர்க்காரர் வைத்த பெயரே நமக்குத் தெரிந்திருக்கவில்லை!

அயோவாவின் மார்ஷல்டவுனிலிருந்து:

எங்கள் ஊர் டொர்னாடோ, டெரேச்சோ இரண்டையும் பார்த்துவிட்டது. 2018 ஜூலையில் டொர்னாடோ வந்து கோர்ட் கட்டடத்தின் கோபுர உச்சியையே கீழே தள்ளியது. ஆனால் அது போன பாதையை விட்டு நாலு தெரு தள்ளி இருந்தவர்களுக்குக் கரண்ட் இருந்தது, சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். டெரேச்சோவில் யார் யாருக்குக் கொடுப்பது? எல்லார் வீட்டிலும் கரண்ட் இல்லை, எல்லார் ஃபிரிட்ஜிலும் அழுகல். நான் அரைத்து வைத்திருந்த ஒரு வாரத்து இட்லி மாவு மறுநாளே பொங்கி வழிந்தது. ஐஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசை, அதுவும் மாஸ்க் போட்டுக்கொண்டு. அப்பாவுக்குப் போன் செய்து நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல டவர் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அவர் "என்னம்மா, அங்கே மழையா?" என்றார். டிவியில் அவருக்கு ஒன்றும் காட்டவில்லை. 1100 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இது அமெரிக்காவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அட்கின்ஸ் பக்கத்திலிருந்து, மறுபடியும்:

அக்கா, எங்களுக்குக் கரண்ட் வர பதினொரு நாள். வெளியுலகம் என்றால் கார் ரேடியோதான். பெரியவர் முதல் நாளே டிராக்டரோடு வந்து எங்கள் மேப்பிளை அறுத்து வழிவிட்டார். தன் வயலைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்சூரன்ஸ்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனபின் பாதி வயலை அப்படியே உழுது மண்ணில் மடக்கினார். மீதியை அக்டோபரில் அறுத்தார். தட்டை சாய்ந்த திசைக்கு எதிராக மட்டும்தான் மெஷின் ஓட்ட முடியும், அதுவும் நடை வேகத்தில். வழியில் யார் வீட்டுத் தகரமோ கிடக்கும், இறங்கி எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஏறுவார்.

அடுத்த வருஷம் அங்கே சோயா போட்டார். ஜூனில் பார்த்தால், விழுந்த கதிர்களிலிருந்து மக்காச்சோளம் தானாக முளைத்து, சோயாவுக்கு மேல் கொத்துக் கொத்தாக நின்றது. மருந்து அடிக்கும்போது வேலி ஓரம் நின்று, "போன வருஷம் நில்லுடா என்றால் நிற்கவில்லை" என்று அதனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.