600 மீட்டர் 38 விநாடி: காலை ஓட்டம் மட்டும் பாத்து குதிரையை எடை போட முடியுமா?

பாளை ஸ்டாப்வாட்ச்
ரேஸ் கத்துக்க வந்த ஒரு பையனுக்கு ரத வீதி ராசா நேத்து இந்த மன்றத்துல வேற இழையில பாடம் எடுத்திருக்காரு: "ரேஸ் வீடியோ பாத்து பொழுதைக் கழிக்காத. காலையில மணல் டிராக்குல 600 மீட்டரை 38 விநாடியில ஓடுனது எதுன்னு பாரு, அது போதும்." படிச்சதும் எரிச்சலா வந்துச்சு. பையன் இத நம்பிட்டான்னா ஒண்ணுமே கத்துக்கிட மாட்டான்.

காலை ஓட்டப் பட்டியல்ல ஒரு வரியில நாலு சங்கதி இருக்கு. ஓடுனது உள்மணல் டிராக்கா வெளிமணல் டிராக்கா, மேல ஏறுனது யாரு, எத்தனை மீட்டர்ல இருந்து நேரம் எடுத்தாங்க, கடைசி 600 எவ்வளவு. ராசா நாலாவதை மட்டும் படிக்காரு. ஒரு குதிரை 1000 மீட்டர் 1-6 (ஒரு நிமிஷம் 6 விநாடி), 600 மீட்டர் 38. இன்னொரு குதிரை 1000 மீட்டர் 1-12, 600 மீட்டர் 38. கழிச்சுப் பாருங்க. முதல் குதிரை ஆரம்ப 400-ஐ 28 விநாடியில ஓடிட்டு அந்த மூச்சோடயே 38 போட்டிருக்கு. ரெண்டாவது அதே 400-ஐ 34 விநாடியில பைய வந்துட்டு கடைசியில மட்டும் விரட்டியிருக்கு. ரெண்டும் ஒண்ணா?

பேருக்குப் பக்கத்துல ஆர்.பி.ன்னு போட்டிருந்தா ஏறுனது ரைடிங் பாய். எடை லேசான பையன் ஏறி 38 ஓடுன குதிரை மேல, பந்தயத்தன்னைக்கு ஜாக்கி, சேணம், எடைக்காக வைக்கிற ஈயம் எல்லாம் சேத்து 60 கிலோ வரை ஏறும். அதையும் பாக்கணும்.

ரத வீதி ராசா
கணக்கு வாத்தியாரு வந்துட்டாரு. ஓய், காலு நோவுற குதிரை மணல்ல 38 ஓடுமா? தீனி எடுக்காத குதிரை ஓடுமா? ஓடாது. அப்ப 38 ஓடுன குதிரை நல்லா இருக்குன்னுதான அர்த்தம். இதுக்கு எதுக்குக் கூட்டலும் கழித்தலும்?

சேரன்மாதேவி செல்வி
நல்லா இருக்குன்னு ரெண்டு பேரும் எதைச் சொல்லுதிய? நோவில்லாம இருக்கிறதா, ஜெயிக்கிற அளவுக்குத் தேறியிருக்கிறதா? அதை முதல்ல பேசிட்டு மேல போங்க.

இன்னொண்ணு. காலையில குதிரை ஓட்டத்துலயே வந்து குறிக்கம்பத்தைத் தாண்டும்போதுதான் கடிகாரத்தை அமுக்குவாவ. பந்தயத்துல ஸ்டார்ட்டிங் கேட்டுக்குள்ள நின்ன நிலையில இருந்து கிளம்பணும். ரெண்டு நேரத்தையும் பக்கத்துல வச்சு ஒப்பிட முடியாது. மழை பேஞ்சு இறுகுன மணல்ல 38 சுலபமா வரும், காஞ்சு ஆழமாக் கிடக்குற மணல்ல 40 வாரதே பெரிசு. கையில அடக்கிப் பிடிச்சும் 40 ஓடுன குதிரை, தள்ளித் தள்ளி 38 ஓடுனதை விட மேல். நேரத்துக்குப் பின்னால "சுலபமா ஓடுச்சு", "தள்ளுனாங்க"ன்னு எழுதியிருக்குமே, அதை யாரும் படிக்கதில்ல.

ரத வீதி ராசா
40 ஓடுனது 38 ஓடுனதை விட மேலாம்! நல்லா இருக்கு தாயி ஒங்க நியாயம்.

பாளை ஸ்டாப்வாட்ச்
செல்வி சொன்னது சரி. ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரு குதிரையோட நேரத்தை அடுத்த குதிரையோட ஒப்பிடுறதே தப்பு. அதே குதிரை முன்னால ஜெயிச்சப்ப, அதுக்கு முந்தி காலையில என்ன ஓடுச்சுன்னு எடுத்து வைக்கணும். சில டிரெயினர் வேகமாவே வேலை வாங்க மாட்டாவ, அவுக குதிரை 42-க்கு மேல ஓடிட்டு வந்து ஜெயிக்கும். சில பேரு எல்லாத்தையும் விரட்டுவாவ, அந்த லாயத்துல 38 எல்லாக் குதிரைக்கும் இருக்கும்.

இப்ப ரேஸ் பாக்குறது. ஒரு பந்தயத்தை மூணு தடவை பாக்கணும். முதல் தடவை கேட்டு திறந்ததுல இருந்து 200 மீட்டர் மட்டும்: எது சுணங்குச்சு, எதை இடிச்சாங்க, எது அடங்காம இழுத்துச்சு. ரெண்டாவது தடவை வளைவு. மூணாவது தடவை முன்னால வந்த குதிரையை விட்டுட்டு, நாலாவது அஞ்சாவதா வந்ததை மட்டும் கடைசி வரை பாக்கணும். வழி கிடைக்காம ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடிச்சானா, சாட்டை எடுக்கும் முன்னமே குதிரை தளர்ந்துடுச்சான்னு அங்கதான் தெரியும்.

வளைவுக்குக் கணக்கு இருக்கு. தடத்துக்கு ஒரு மீட்டர்னு வச்சுக்கிடுங்க. 180 பாகை வளைவுல ஒரு தடம் வெளிய ஓடுனா 3.14 மீட்டர் கூடுதல். மூணாவது தடத்துல ஓடுனது உள்வேலியை ஒட்டி ஓடுனதை விட 6.28 மீட்டர் கூட ஓடியிருக்கு. ஒரு லெங்த், அதாவது ஒரு குதிரை நீளம், சுமார் 2.4 மீட்டர், அப்ப ரெண்டரை லெங்துக்கு மேல. அப்படி ஓடி ரெண்டு லெங்த்ல தோத்த குதிரை உண்மையில தோக்கல. வளைவு பெரிசோ சிறிசோ இந்தக் கணக்கு மாறாது. 1200 மீட்டர் பந்தயத்துல முழு வளைவும் வராது, 90 பாகைன்னா பாதியா வெட்டிக்கிடுங்க.

ஒட்டப்பிடாரம் சாரதி
வளைவு பெரிசோ சிறிசோ மாறாதாம்ல. எங்க பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்துல எல்லையில வண்டிய திருப்புற இடத்தை வந்து பாரும். சின்ன வட்டத்துல திருப்புனா மாடு நின்னு போவும், அகலமாத் திருப்புனா ஓட்டம் குறையாது. பூஞ்சிட்டுங்கிற சின்ன மாட்டையும் பெரிய மாட்டையும் ஒரே பந்தயத்துல விடுறதும் இல்ல. தகுதி பாத்துப் பிரிக்கிறதை கிண்டியில வந்துதான் படிக்கணுமாக்கும்?

பாளை ஸ்டாப்வாட்ச்
நீரு சொல்லுறது வேகம் குறையுறது. நான் சொல்லுறது தூரம் கூடுறது. வேற வேற.

ரத வீதி ராசா
மாட்டை ஏன் இங்க ஓட்டிட்டு வாரீரு? 38-க்குப் பதில் சொல்லுங்கன்னா ஆளாளுக்கு எங்கயோ போறாவ.

ஒட்டப்பிடாரம் சாரதி
மாடுன்னா இளக்காரமா? ஒம்ம ரத வீதியில சாரதியா உக்காந்து ஒரு மைல் ஓட்டத் தெரிஞ்ச ஆள் இருக்கா? முதல்ல அதைச் சொல்லும்.

வள்ளியூர் வக்கீல்
குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல தமிழ்நாட்டுல சட்டம் போட்டாங்க. 1996-ல உச்ச நீதிமன்றம் இது பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் இல்லன்னு தீர்ப்பு கொடுத்துச்சு. 38-ன்னு ஒரே எண்ணைப் பாத்துப் பணம் வைக்கிறதை எந்த நீதிபதியும் திறமைன்னு சொல்ல மாட்டாரு. ராசா சொல்லுற முறை சூதாட்டந்தான்.

ரத வீதி ராசா
யாரைச் சூதாடின்னு சொல்லுதீரு? விடியக்காலையில மைதானத்துல நின்னு நேரம் எடுத்து எழுதுறவன் திறமைசாலி இல்லியா? அவன் எழுதுன 38-ஐ நம்புறவன் மட்டும் சூதாடியா? வார்த்தையை அளந்து பேசும் வக்கீலு.

சேரன்மாதேவி செல்வி
அவர் எழுதுன முழு வரியையும் நம்புங்கன்னுதான் நாங்களும் சொல்லுதோம். நீங்க கடைசி எண்ணை மட்டும் நம்புதிய.

வீடியோல கால் மாத்துறதையும் பாக்கணும். வளைவுல குதிரை உள்பக்க முன்காலை முன்னால போட்டு ஓடும், நேர்ப்பாதைக்கு வந்ததும் அடுத்த காலுக்கு மாத்தும். மாத்தாம அதே காலுல ஓடுறது கடைசி 200-ல தளரும். அடுத்தடுத்த பந்தயத்துலயும் மாத்தலைன்னா காலுல ஏதோ நோவு இருக்கலாம். 38 ஓடுச்சான்னு பாத்தா இது தெரியாது.

பாளை ஸ்டாப்வாட்ச்
எடைக்கு வாங்க, அதை யாரும் தொடவே இல்ல. குதிரையோட தகுதிக்கு ஹேண்டிகேப்பர் (எடையைத் தீர்மானிக்கிற அதிகாரி) போடுற மார்க்குதான் ரேட்டிங். ஒரு ரேட்டிங் பாயின்டுக்கு அரைக் கிலோ. 20-ல இருந்து 45 ரேட்டிங் வரை உள்ள 20-45 வகுப்புல 45 ரேட்டிங் குதிரைக்கு 60 கிலோன்னா, 31 ரேட்டிங்குக்கு 53 கிலோ. 1600 மீட்டர்ல ஒரு லெங்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ, 1000, 1200 மீட்டர்ல ஒண்ணே கால் ஒண்ணரை கிலோ வரை வரும். 1600-ல 3 லெங்த்ல ஜெயிச்ச குதிரைக்கு 6 பாயின்ட் ஏத்துனா அடுத்த தடவை 3 கிலோ கூட. அந்த 3 லெங்தும் அங்கயே போச்சு. அதே சமயம், போன தடவை மூணாவது தடத்துல ஓடித் தோத்த குதிரைக்கு ரேட்டிங் ஏறியிருக்காது. பழைய எடையிலயே வரும், இந்தத் தடவை உள்பக்கம் கேட்டு கிடைச்சா பாக்கணும். ஹேண்டிகேப்பர் போடுற எடையில ஓட்டை எங்க இருக்குன்னு தேடுறதுதான் இதுல முழு வேலையும். காலை ஓட்டம் கடைசியா ஒரு தடவை சரிபாக்க மட்டும்.

40-65 வகுப்புக்கும் 20-45 வகுப்புக்கும் நடுவுல 40-ல இருந்து 45 வரை உள்ள குதிரை ரெண்டுலயும் இறங்கலாம். மேல் வகுப்புல அடிமட்ட எடை, கீழ் வகுப்புல தலை எடை. டிரெயினர் எதைத் தேர்ந்தெடுத்தாருன்னு பாத்தாலே அவர் மனசு பாதி தெரியும்.

ரத வீதி ராசா
38 ஓடுற குதிரைக்கு 3 கிலோ ஒரு பாரமா?

பாளை ஸ்டாப்வாட்ச்
பாரந்தான். ஒம்ம குதிரை 38 ஓடுனப்ப மேல எத்தனை கிலோ இருந்துச்சுன்னு ஒமக்கே தெரியாது. தெரிஞ்சா எழுதும்.

ரத வீதி ராசா
ஊட்டியில ரேஸ் நடந்த காலத்துல ஒரு சீசன்ல நீரு வளைவுக் கணக்கு போட்டுச் சொன்ன குதிரை கடைசியா வந்ததை இங்க எல்லாரும் பாத்தாவ. அதைப் பேசுவமா?

பாளை ஸ்டாப்வாட்ச்
பேசுவோம். ஊட்டி டிராக்கு கடல் மட்டத்துல இருந்து 2200 மீட்டருக்கு மேல இருந்துச்சு. கீழ இருந்து ஏறிப் போன குதிரைக்கு அந்தக் காத்து பழக நாள் ஆவும். அங்க முதல் ஓட்டத்தைக் கழிச்சுட்டுத்தான் கணக்கு பாக்கணும்னு அப்பவே எழுதியிருந்தேன். அந்தப் பாதியை வெட்டிட்டு மீதியைப் பரப்புனது யாருன்னும் எனக்குத் தெரியும்.

வள்ளியூர் வக்கீல்
என்னைச் சொல்லுதீரா?

ஒட்டப்பிடாரம் சாரதி
சாரதி எடையை எங்க பக்கமும் பாப்பாவ. லேசான ஆளைத்தான் வண்டியில ஏத்துவாவ. இதெல்லாம் ஒங்களுக்கு முன்னமே எங்களுக்குத் தெரியும். வளைவுக்கு இன்னும் பதில் வரல.

பாளை ஸ்டாப்வாட்ச்
வந்தாச்சு. மறுபடியும் எழுதுதேன், படியும். உள்வட்டத்தோட ஆரம் 100 மீட்டர்னா அரைவட்டம் 314. ஆரம் 101-ன்னா 317.14. ஆரம் 200-ஐ 201 ஆக்குனாலும் கூடுறது அதே 3.14. இதுல மாடு, குதிரை, வண்டி எதுவும் கிடையாது.

ஒட்டப்பிடாரம் சாரதி
காகிதத்துல ஓடுற குதிரைக்கு அது சரி.